நிழலுக்கு இடம் பிடித்தவர்

வேலாயுதநல்லூரில் அய்யாத்துரை அண்ணாச்சி துண்டு போட்டுவிட்டால் அந்த இடம் அவருடையதுதான், அதில் மறுபேச்சுக் கிடையாது, அது பஸ் சீட்டாக இருந்தாலும் சரி, கல்யாணப் பந்தியாக இருந்தாலும் சரி, எலும்பு டாக்டர் வீட்டு வாசல் பெஞ்சாக இருந்தாலும் சரி, தேர் திரும்புகிற முக்கில் வெயில் படாத ஒரே படிக்கட்டாக இருந்தாலும் சரி, அவருடைய சிவப்புக்கரைத் துண்டு அங்கே கிடக்கிறது என்றால் ஊர் அதைச் சுற்றிக்கொண்டு போகும். நகர்ந்துகொண்டிருக்கிற பஸ்ஸின் ஜன்னலுக்கு வெளியே நின்று அவர் வீசினால் துண்டு உள்ளே போய் எந்த சீட்டில் விழ வேண்டுமோ அந்த சீட்டில் மடிப்புக் கலையாமல் விழும். பகலில் லாரி ஷெட்டில் சரக்கு ஏற்றிவிடுகிற வேலை, மற்ற நேரமெல்லாம் ஊருக்கு இடம் பிடித்துக் கொடுக்கிற வேலை, அந்த வேலைக்கு அவர் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை, அண்ணாச்சி இல்லாவிட்டால் நின்றுகொண்டே போயிருப்போம் என்று நாலு பேர் சொல்கிற பெருமையே போதும் என்று இருந்தார். அந்தப் பெருமைதான் கடைசியில் அவர் தலையில் மண்ணை அள்ளிப் போட்டது.

தை மாசம் கழுகுமலைக்குப் போகிற பஸ்ஸில் அது நடந்தது. அவர் மனைவி பூங்கனியின் தங்கை செல்லக்கனி அந்த ஊரில் வாக்கப்பட்டிருந்தாள், அவளுக்குப் பேத்தி பிறந்திருந்தது, பார்த்துவிட்டு வரலாம் என்று புருஷனும் பெண்டாட்டியும் கிளம்பினார்கள். வழக்கம்போலத் துண்டை வீசி அண்ணாச்சி அவளுக்கு ஜன்னலோரத்தில் ஒரு சீட்டைப் பிடித்துவிட்டார். பையும் கையுமாகக் கூட்டத்துக்குள் அவள் முண்டியடித்து ஏறி வருவதற்குள் அரிசி மில் முதலாளி முன்வாசல் வழியாக ஏறிவிட்டார், கார் ரிப்பேர் என்று என்றைக்கும் இல்லாத திருநாளாகப் பஸ்ஸுக்கு வந்த மனிதர், முழங்காலைத் தடவிக்கொண்டே அண்ணாச்சியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், அவ்வளவுதான், அண்ணாச்சியின் கை அவரைக் கேட்காமலேயே துண்டை எடுத்து, சீட்டைத் தட்டித் துடைத்து, முதலாளியை உட்கார வைத்துவிட்டது. பூங்கனி வந்து சீட்டைப் பார்த்தாள், முதலாளியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். கொஞ்சம் நின்னுக்கோ, யாராவது இறங்குவாக என்றார் அண்ணாச்சி. யாரும் இறங்கவில்லை. கழுகுமலை வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தவள் வழியில் வாயைத் திறக்கவில்லை, வந்து இறங்கியும் திறக்கவில்லை, மறுநாள் காலையில் அவர் ஊருக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டும்போதுதான் திறந்தாள்.

“ஊருக்கெல்லாம் எடம் புடிச்சுக் குடுக்கீக. எனக்குன்னு புடிச்சது மட்டும் ஒரு சிரிப்புக்குப் போயிருச்சு. நீங்க போங்க, நான் வரல.”

அண்ணாச்சி தனியாக ஊர் திரும்பினார், அன்றைக்குப் பஸ்ஸில் கூட்டமே இல்லை, இஷ்டப்பட்ட சீட்டில் உட்கார்ந்து வந்தார். பேத்திக்குக் காதுகுத்து முடிகிறவரைக்கும் தங்கச்சிக்கு ஒத்தாசையாக இருந்துவிட்டு வருவாள் என்று ஊருக்குச் சொன்னார். குழந்தைக்கு அப்போதுதான் தொட்டில் கட்டியிருந்தார்கள், காதுகுத்துக்கு இன்னும் எத்தனையோ மாசம் கிடந்தது, ஆனாலும் ஊர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டது. அவளும் போன் பண்ணவில்லை, அவரும் பண்ணவில்லை. சகலை போன் போட்டு வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து வைத்திருக்கிறோம், வந்துவிட வேண்டும் என்று அழைத்தபோது, பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். போகக் கூடாது என்று இல்லை, போய் நின்று, அத்தனை சொந்தக்காரர்கள் முன்னாலும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டால் அப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்புவது என்று பயம். பயம் என்று ஒத்துக்கொள்ளாமல் வேலை இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பரோட்டாவைத் தின்று காலத்தைத் தள்ளினார்.

அந்த வைகாசியில்தான் படக்கடைக்கு டிஜிட்டல் கண்காட்சி வந்தது. படக்கடை என்பது ஊர் வைத்த பெயர். காலண்டர் அச்சடிக்கிற குடும்பத்துப் பெண் சாருலதா வடக்கே போய் ஓவியம் படித்துவிட்டு வந்து, அப்பாவின் பழைய பேப்பர் குடோனுக்கு வெள்ளையடித்து, ஓவியக் கூடம் என்று போர்டு மாட்டியிருந்தாள், ஆனால் அங்கே மாட்டிய படங்களில் முருகனும் இல்லை, பிள்ளையாரும் இல்லை, தேதி கிழிக்கிற தாளும் இல்லை, ஆகையால் ஊரார் வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். இந்தக் கண்காட்சிக்கு மட்டும் ஊரே திரண்டது. தொட்டால் அசைகிற படம் என்பதற்காக இல்லை, மெஷினுக்குச் சூடு ஆகாது என்று குடோன் முழுக்க ஏசி போட்டிருந்தார்கள், டிக்கெட்டும் கிடையாது என்பதற்காக. வைகாசி வெயிலில் தார் உருகிக் கிடந்த தெருவிலிருந்து உள்ளே காலை வைத்தவர்கள், இருட்டும் குளிர்ச்சியும் அமைதியுமாக ஓர் இடம் இருந்தால் அது சந்நிதியாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, யாரும் சொல்லாமலேயே செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்தார்கள். சாருலதா வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உள்ளே ஒரு பெரிய வெள்ளைச் சுவர், அதற்கு முன்னால் தரையில் வெளிச்சத்தில் வரைந்த மூன்று வட்டங்கள். வட்டத்தில் போய் நின்றால் உங்கள் நிழல் சுவரில் விழும், விழுந்த நிழல் வேர்விட்டு மரமாகும், கையைத் தூக்கினால் கிளை நீளும், விரலை விரித்தால் இலை தளிர்க்கும், அசையாமல் நின்றால் எங்கிருந்தோ பறவைகள் வந்து தோளில் உட்காரும், தும்மினால் பறந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளிலிருந்து கருவாட்டு வியாபாரி வரைக்கும் போய் நின்று மரமாகிவிட்டு வந்தார்கள். எனக்குக் குருவி வந்தது, உனக்குக் காக்காதான் வந்தது என்று வீட்டுக்கு வீடு சண்டைகூட நடந்தது.

அண்ணாச்சி ஒரு மத்தியானம் போனார். வீட்டில் வெக்கை ஒரு பக்கம், பேச்சுச் சத்தம் இல்லாதது ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து அவரைத் துரத்தின. உள்ளே போய்ப் பார்த்தால் வரிசை வாசல்வரைக்கும் நீண்டிருந்தது. வரிசையைப் பார்த்ததும் அண்ணாச்சியின் கை தோளுக்குப் போய்விட்டது, அது பழக்கதோஷம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை, நின்றவர்கள் தலைக்கு மேலாக அவர் துண்டை வீசினார், அது போய் நடு வட்டத்தின் நடுவில் மடிப்புக் கலையாமல் விழுந்தது. பிறகு எதிர்க் கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டார்.

துண்டு விழுந்த வட்டத்திலிருந்து சுவரில் அண்ணாச்சியின் நிழல் எழுந்தது. தொப்பையும் வலது தோள் கொஞ்சம் இறங்கிய வாகும் அப்படியே இருந்தன, நிழல் மரமாகி, ஒரு கிளையை மடக்கி வாய்க்குக் கொண்டுபோனது, ஊதியது, ஊதும்போதெல்லாம் பறவைகள் எழும்பிப் பறந்து திரும்பவும் வந்து உட்கார்ந்தன, பிறகு கிளையை நீட்டி யாரையோ அதட்டியது. டீயை முடித்துவிட்டு அண்ணாச்சி திரும்பி வந்தபோது, சீனி கம்மி என்று டீக்கடைக்காரரிடம் சத்தம் போட்டீர்களா என்று கூட்டம் கேட்டது, ஆமாம் என்றார். இதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அண்ணாச்சியின் துண்டு கிடந்தால் அண்ணாச்சி இருக்கிற மாதிரிதான் என்பது ஊருக்கு எப்போதோ தெரியும், சுவருக்கு இப்போதுதான் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான். சண்டை வந்தது வேறு விஷயத்துக்கு, ஓர் ஆளுக்கு மூன்று நிமிஷம் என்று போர்டு போட்டிருக்கிறதே, துண்டு மரமாக நின்ற நேரம் அண்ணாச்சியின் கணக்கில் சேருமா சேராதா என்று. சேரும் என்று பெரும்பான்மை சொன்னதால் அவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதாயிற்று.

சாருலதாதான் பதறிப்போய் மெஷினைச் செய்து அனுப்பிய பெங்களூர்க்காரர்களுக்குப் போன் போட்டாள். அவர்கள் ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னார்கள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாள், அதற்குள் வட்டத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன தூக்குச்சட்டிக்கு ஒரு நிழல் எழுந்து, குனிந்து மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சியின் பக்கத்து வீட்டு வெள்ளத்தாய்தான் இதில் முதலில் காரியமாக இறங்கியவள். மகன் மஸ்கட்டில் இருக்கிறான், அவன் கொடியில் போட்டுவிட்டுப் போன கைலியைத் துவைத்து மடித்து அப்படியே வைத்திருந்தாள், அதைக் கொண்டுவந்து வட்டத்தில் வைத்தாள். மகனின் நிழல் வந்தது, மரமாகி, எதையோ கிண்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உப்புமாதான் கிண்டுகிறான், உப்பே போடவில்லை பாருங்கள் என்றாள், சுவரைப் பார்த்து உப்புப் போடச் சொன்னாள், நிழலுக்குக் காது கேட்காததால் போன் போட்டுச் சொன்னாள், மரம் ஒரு கிளையைக் காதுக்குக் கொண்டுபோய் இன்னொரு கிளையை மேலே நீட்டி டப்பாவை எடுத்தது. அங்கேயே உட்கார்ந்து அவன் தின்று முடிக்கிறவரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு படக்கடைக்கு ஆட்களை விடச் சாமான்கள்தான் அதிகமாக வந்தன, தொப்பி வந்தது, மூக்குக்கண்ணாடி வந்தது, ஹெல்மெட் வந்தது, பாதியில் வேலையைப் போட்டுவிட்டு இந்தா வருகிறேன் என்று போன பைப் ரிப்பேர்காரர்களின் ஸ்பேனர்கள் வந்தன. சாமானுக்குப் பதிலாக வரிசையில் செருப்பை வைத்து இடம் பிடிக்கலாமா, ஆளுக்குச் சட்டை இடம் பிடிக்க, சட்டைக்குச் செருப்பு இடம் பிடித்தால் அது எங்கே போய் முடியும் என்று பெரிய தர்க்கம் நடந்தது, அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், ஒரு இடத்துக்கு ஒரு சாமான்தான் என்று அவர் தீர்ப்புச் சொன்னார். எலும்பு டாக்டர் மேஜையில் காதில் மாட்டுகிற குழலை வைத்துவிட்டு வெளியே போனால் நோயாளிகள் அந்தக் குழலைப் படக்கடைக்குக் கொடுத்துவிட்டார்கள், ஸ்டியரிங்கைப் பிடித்த மாதிரி மரம் நின்றால் காரில் வந்துகொண்டிருக்கிறார் என்று பெஞ்சில் காத்திருந்தார்கள், ஒன்றுமே வராவிட்டால் வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். பெண் பார்த்துவிட்டுப் பதில் சொல்லி அனுப்புகிறோம் என்று போன மாப்பிள்ளை வீட்டார் மறந்து விட்டுப்போன கைக்குட்டைகூட ஒன்று வந்தது, சுவர் சும்மா இருந்தது, அன்றிலிருந்து அந்தப் பக்கத்தில் பெண் பார்க்கப் போகிறவர்கள் எழுந்திருக்கும்போது உட்கார்ந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்கள்.

இப்படிச் சிலதுக்கு நிழல் வருவதும் சிலதுக்கு வராததும் ஏன் என்று ஊர் முதலில் குழம்பியது. ஸ்பேனர்களில் முக்கால்வாசிக்கு நிழல் வரவில்லை, விசாரித்தால் அந்த ஆட்கள் வேறு ஊரில் வேறு வேலை பிடித்திருந்தார்கள். அப்புறம் புரிந்துபோயிற்று. திரும்பி வர வேண்டும் என்று மனசில் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் சுவர் நிழல் கொடுத்தது. இடம் பிடிக்கிறவனுக்குத் தெரிந்த நியாயம்தானே, வருகிற ஆளுக்குத்தான் இடம், வராத ஆளுக்குத் துண்டைப் போட்டு என்ன பிரயோஜனம். சுவரின் நியாயம் தெரிந்த பிறகு சிலர் வீட்டிலிருந்து சாமான்கள் வருவது நின்றுபோனது.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஞானதிரவியம் அதற்கு முன்னாலேயே கொண்டுவந்துவிட்டார். கனடாவில் இருக்கிற மகன் பள்ளிக்கூடத்துக்குப் போட்ட பெல்ட்டு அது. வட்டத்தில் வைத்துவிட்டு நின்றார், நின்றார், நின்றுகொண்டே இருந்தார், சுவர் வெள்ளையாகவே இருந்தது. கடைசியில் பெல்ட்டைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு, வோல்டேஜ் கம்மியாக இருக்கிறது என்றார். பக்கத்து வட்டத்தில் ஒரு பிரமாதமான மரம் ஆடிக்கொண்டிருந்தது, ஆனாலும் கூட்டம் முழுக்க அதை ஒப்புக்கொண்டது, எங்கள் தெருவில் மிக்ஸியே ஓடவில்லை என்றாள் ஒருத்தி, காலையிலிருந்து பேன் சுற்றவில்லை என்றார் இன்னொருவர், கரண்டு ஆபீஸ் லைன்மேனே வரிசையில் நின்றிருந்தார், அவரும் ஆமாம் சார், இன்றைக்கு ரொம்பக் கம்மி என்று சொன்னார். இந்த ஊரில் பிறந்ததற்காக அண்ணாச்சி சந்தோஷப்பட்ட தருணங்களில் அது ஒன்று.

அண்ணாச்சி மட்டும் பூங்கனியின் எதையும் கொண்டுவரவில்லை. எல்லாருக்கும் வரிசையை ஒழுங்குபண்ணிக் கொடுத்தார், நியாயம் சொன்னார், யார் நிழல் என்ன செய்கிறது என்று விளக்கம் சொன்னார், மதினி சாமான் எதையும் வைக்கவில்லையா என்று யாராவது கேட்டால் அவள்தான் காதுகுத்துக்குப் போயிருக்கிறாளே, வராமல் எங்கே போய்விடுவாள் என்று சிரித்தார். வீட்டுக்குப் போனால் அவளுடைய சாமான் என்ன இருக்கிறது என்று தேடினார். சேலைகளை எல்லாம் செல்லக்கனியின் மகன் வந்து வாங்கிக்கொண்டு போயிருந்தான், சீப்பு இல்லை, செருப்பு இல்லை, மூக்குப்பொடி மாதிரி வாசம் அடிக்கிற அந்தத் தைல டப்பாகூட இல்லை. அலமாரியில் இருந்ததெல்லாம் அவருடையதாகவே இருந்தது. கடைசியில் கட்டிலுக்கு அடியில் ஒரு ஒயர் கூடை கிடைத்தது, பச்சையும் வெள்ளையுமாக அவள் பின்ன ஆரம்பித்துப் பாதியில் நின்ற கூடை, ஒயர் நுனிகள் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. வந்து முடிக்கலாம் என்று விட்டுவிட்டுப் போனாளா, இது ஒரு கேடா என்று விட்டுவிட்டுப் போனாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. கூடையை எடுத்து மேலே வைத்தார், திரும்பவும் கட்டிலுக்கு அடியில் தள்ளினார், மறுநாள் எடுத்தார், மறுபடியும் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமையோடு கண்காட்சி முடிகிறது, மெஷினைக் கழற்றி வேறு ஊருக்கு ஏற்றிவிடுவார்கள் என்று சாருலதா சொன்னாள். அதே ஞாயிற்றுக்கிழமைதான் கழுகுமலையில் காதுகுத்து. சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளத்தாய் வாசலில் வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, நெழல் வராதுன்னு பயந்துதான போடாம இருக்கீக. வந்துட்டா என்ன பண்ணுவீக? அத யோசிச்சு வச்சிருக்கீகளா?”

அண்ணாச்சி அதை யோசிக்கவே இல்லை. யோசித்துப் பார்த்தபோது அது இன்னும் பெரிய பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் வருவதற்கு முன்னால் போய்விடலாம் என்று ஒயர் கூடையைத் துண்டுக்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார். அவருக்கு முன்னால் ஊர் வந்திருந்தது, கடைசி நாள் அல்லவா. வரிசை வாசலைத் தாண்டித் தெருவில் நின்றது. கூடையை இங்கிருந்தே வீசினால் வட்டத்தில் போய் விழும், அது அவருக்கு ஒரு பெரிய காரியமில்லை, ஆனால் கை எழவில்லை, எங்கேயாவது தவறி விழுந்து யாராவது மிதித்துவிட்டால் என்ன செய்வது என்று இருந்தது. அய்யாத்துரை அண்ணாச்சி வரிசையின் கடைசியில் போய் நின்றார். வேலாயுதநல்லூர் அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, கேலி பண்ண வேண்டியவர்கள்கூடப் பண்ணவில்லை. தன் முறை வரும்வரை நின்று, நடு வட்டத்துக்குப் போய், குனிந்து, கூடையை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

சுவர் வெள்ளையாக இருந்தது.

இரண்டு பக்கத்து வட்டங்களிலும் ஒருவருடைய தொப்பியும் இன்னொருவருடைய டிபன் பாக்ஸும் காடாகத் தழைத்து நிற்க, நடுவில் அந்த வெள்ளை மட்டும் வெள்ளையாகவே இருந்தது. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். லைன்மேன் மெதுவாக, இன்றைக்கும் வோல்டேஜ் கம்மிதான் போல என்றார். ஆமாம், எங்கள் வீட்டில் கிரைண்டர் ஓடவில்லை என்று ஒரு பெண் ஆரம்பித்தாள், ஞானதிரவியம் வாத்தியார் முன்னால் வந்து அண்ணாச்சியின் முதுகில் கை வைத்தார். ஊரின் அந்த நல்ல மனசு இப்போது அண்ணாச்சியின் பக்கம் திரும்பியிருந்தது. மற்றவர்களுக்கு இதே பொய்யை அவரும் சொல்லியிருக்கிறார், சொல்லும்போது அது எவ்வளவு லேசாக இருந்தது என்று நினைத்துக்கொண்டார், கூடையை எடுக்கக் குனிந்தார்.

குனிந்தவரின் தலைக்கு மேலே ஓர் இலை தளிர்த்தது. அப்புறம் வேர் விட்டது, தண்டு எழுந்தது, கொண்டையும் ஒடிசலான கழுத்துமாக ஒரு பெண்ணின் நிழல் மெல்ல மெல்லச் சேர்ந்து வந்தது, கூடையில் பாதிதான் இருந்தது என்பதால் நேரம் எடுத்ததோ என்னவோ. பூங்கனிதான். உட்கார்ந்திருந்தாள். ஒரு கிளை மடியில் கிடந்தது, இன்னொரு கிளை பக்கவாட்டில் நீண்டு, கீழ்நோக்கி அழுந்தி, எதன் மேலேயோ ஊன்றியிருந்தது. மாவு பிசைகிறாள் என்றார்கள், குழந்தையைத் தட்டித் தூங்க வைக்கிறாள் என்றார்கள், இடுப்பு வலி, கையை ஊன்றிக்கொண்டிருக்கிறாள் என்றாள் வெள்ளத்தாய். பறவைகள் வழக்கம்போல வந்தன, மரத்தின் தோளில் உட்கார்ந்தன, தலையில் உட்கார்ந்தன, அந்தப் பக்கவாட்டுக் கிளையில் உட்கார வந்த பறவைகளை மட்டும் மரம் உட்கார விடவில்லை, தலையை ஆட்டி ஆட்டி விரட்டியது.

அண்ணாச்சி பார்த்துக்கொண்டே நின்றார். விரித்த உள்ளங்கை, விறைப்பாக நிற்கிற முழங்கை, வந்து கேட்கிறவர் கண்ணைப் பார்த்துவிடாதபடி எதிர்ப்பக்கம் திருப்பிய முகம். உலகத்தில் அவருக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான், அதை அவர் அடையாளம் கண்டுகொள்ளாமல் வேறு யார் கண்டுகொள்வது. இத்தனை வருஷத்தில் பூங்கனி ஒருமுறைகூட அதைச் செய்ததில்லை, துண்டு போட்டு இடம் பிடிப்பதே வெட்கக்கேடு என்று சொல்கிறவள், அவர் பிடித்த இடத்தில்கூட உட்காரும்போது அக்கம்பக்கம் பார்த்துக் கூச்சப்பட்டுக்கொண்டே உட்காருகிறவள்.

“எடம் புடிச்சு வச்சிருக்கா,” என்றார். “பந்தியில. பக்கத்து நாற்காலி மேல கை வச்சிருக்கா.”

“யாருக்கு அங்கிள்?” என்று கேட்டாள் சாருலதா.

யாரும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை, பாவம், இத்தனை படித்த பெண். முதல் பந்தி எத்தனை மணிக்குப் போட்டிருப்பார்கள், இது முதல் பந்தியா, இரண்டாவதா, பஸ் எத்தனை மணிக்கு என்று கூட்டம் முழுக்க ஒரே நேரத்தில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. வெள்ளத்தாய் அவரை முதுகில் பிடித்துத் தள்ளினாள். அண்ணாச்சி ஓடினார், கூடையை எடுக்கவில்லை, துண்டை எடுக்கவில்லை, வாசலில் கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேட நேரமில்லாமல் அகப்பட்ட இரண்டை மாட்டிக்கொண்டு ஓடினார்.

கழுகுமலைக்குப் போகிற பஸ் ஸ்டாண்டை விட்டு நகர்ந்துகொண்டிருந்தது, முகூர்த்த நாள், உள்ளே ஈ நுழைய இடமில்லை. பின்படியில் தொற்றிக்கொண்டார். வழி நெடுக நின்றார், வலப்பக்கத்து ஆளின் முழங்கை விலாவில் இடிக்க, இடப்பக்கத்து ஆளின் பலாப்பழம் தொடையில் குத்த, வளைவில் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து அவர் மேல் விழ, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நடுவழியில் ஒரு சீட்டுக் காலியானது, கண்ணுக்கு எதிரேதான் காலியானது, பக்கத்தில் நின்ற பிள்ளைத்தாய்ச்சியை உட்காரச் சொன்னார். நின்றுகொண்டு வந்தால் இந்த ரோடு இவ்வளவு தூரம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது, அதிலும் கையில் பையோடு, வாயைத் திறக்காமல், பக்கத்து சீட்டில் ஒரு முதலாளி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க நின்றுகொண்டு வந்தால் இன்னும் எவ்வளவு தூரம் இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கியது, கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

மண்டபத்துக்குள் நுழைந்தபோது குழந்தை காது குத்தின அழுகையெல்லாம் அழுது முடித்துத் தூங்கிப்போயிருந்தது. சகலை வாங்க என்று கையைப் பிடித்தார், செல்லக்கனி வாசலிலிருந்தே சத்தமாக வரவேற்றாள், அண்ணாச்சி அவர்களைத் தாண்டிச் சாப்பாட்டு ஹாலுக்குப் போனார். கடைசிப் பந்தி ஓடிக்கொண்டிருந்தது. கோடி வரிசையின் ஓரத்தில் பூங்கனி உட்கார்ந்திருந்தாள், அவள் முன்னால் ஓர் இலை, பக்கத்து நாற்காலிக்கு முன்னால் இன்னோர் இலை, இரண்டிலும் தண்ணீர் தெளித்ததோடு சரி, ஒன்றும் பரிமாறியிருக்கவில்லை. எத்தனை பந்தியாக அப்படியே உட்கார்ந்திருந்தாளோ, பரிமாறுகிறவர்கள் அவளைக் கேட்பதையே விட்டுவிட்டுத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளங்கை நாற்காலியின் மேல் இருந்தது, முகம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது.

அண்ணாச்சி போய் நாற்காலியின் பின்னால் நின்றார். நின்றவருக்கு உட்காரத் தைரியம் வரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பார்த்தார். நாற்காலி அசையவில்லை, அவ்வளவு அழுத்தமாகப் பிடித்திருந்தாள்.

“ஆள் வருது,” என்றாள் பூங்கனி, திரும்பிப் பார்க்காமலே.

“ரொம்ப நேரமா புடிச்சிருக்க போலயே.”

அவள் திரும்பினாள். வேர்த்து ஒழுகிய முகத்தைப் பார்த்தாள், துண்டில்லாத தோளைப் பார்த்தாள், ஒரு காலில் ரப்பர் செருப்பும் இன்னொரு காலில் யாருடையதோ தோல் செருப்பும் மாட்டியிருந்ததைப் பார்த்தாள்.

“நின்னுக்கிட்டா வந்தீக?”

“ஆமா.”

அவள் கையை எடுத்தாள். அண்ணாச்சி உட்கார்ந்தார். ஊருக்கெல்லாம் இடம் பிடித்துக் கொடுத்த மனிதர், தனக்கென்று ஒருத்தி பிடித்து வைத்த இடத்தில் உட்காருவது அதுதான் முதல் தடவை, நாற்காலி இன்னும் அவள் கைச்சூட்டோடு இருந்தது, அந்தச் சந்தோஷத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இலையைத் தண்ணீர் விட்டு மறுபடியும் துடைத்தார்.

“சாம்பார் தீந்து போச்சு,” என்றாள் பூங்கனி. “ரசத்துலருந்துதான் ஆரம்பிக்கணும்.”